சிஎஸ்50பி: சிவப்பு மூஞ்சியோடு ஏழு மாதம்

நாம் எழுதிய கோட் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்ல பைதான் என்கிற கணினி மொழியைச் சொல்லித்தருகிற சிஎஸ்50பி என்ற ஆன்லைன் கோர்ஸில் செக்50 என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். டெர்மினல் என்கிற கட்டளைத் திரையில் அதை ஓட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் வரிவரியாக முடிவு வந்து விழும், சரியாக இருந்தால் பச்சையில் சிரிக்கிற மூஞ்சி, தப்பென்றால் சிவப்பில் உம்மென்று ஒரு மூஞ்சி. முதல் வரி பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது அந்தப் பெயரில் ஃபைல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. பல ராத்திரிகளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்: ஃபைல் இருக்கிறது. அதற்குக் கீழே முழுக்கச் சிவப்பு.

ஏழு மாதம் இப்படி உட்கார்ந்து முடித்துவிட்டேன். "எங்கே படிச்சீங்க, காசு எவ்வளவு, எனக்குச் சரிவருமா" என்று ஆபீஸில் மூன்று பேர், சொந்தத்தில் இரண்டு பேர் கேட்டாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொன்னால்தான் இந்த விமர்சனத்தை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். வயது 41, பி.காம்., திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எக்செல் நன்றாக வரும். கோடிங் சுத்தமாக வராது. ஐடி வேலைக்குப் போகிற எண்ணமெல்லாம் இல்லை. சனிக்கிழமை சம்பளக் கணக்கு என்கிற ஒரு தலைவலி இருக்கிறது, அதைக் குறைக்கணும், அவ்வளவுதான்.

கோர்ஸின் முழுப்பெயர் சிஎஸ்50'ஸ் இன்ட்ரடக்ஷன் டு புரோகிராமிங் வித் பைதான், சுருக்கமாக சிஎஸ்50பி. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்டது, நடத்துபவர் டேவிட் மேலன். அவருடைய சிஎஸ்50 என்கிற பெரிய கோர்ஸ் இதைவிடப் பழையது, ரொம்பப் பிரபலமானது, அதில் சி மொழியில் ஆரம்பித்து மெமரி வரைக்கும் இறங்குவார்கள். இது அதன் தங்கச்சி மாதிரி, பைதான் மட்டும். ஒன்றுமே தெரியாதவர்கள் நேராக இதில் இறங்கலாம், பெரியதை முடித்துவிட்டு வரணும் என்று இல்லை. 0 முதல் 9 வரை பத்து வாரம் என்று பிரித்திருக்கிறார்கள், ஆனால் வாரம் என்பது பெயருக்குத்தான், நம் வேகம் நமக்கு. நான்காவது வாரம் எனக்கு ஒன்றரை மாதம் எடுத்தது, நடுவில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வேறு.

காசு? பூஜ்யம். வீடியோ, பாடக்குறிப்பு, கணக்குகள், திருத்துவது, கடைசியில் சிஎஸ்50 தருகிற சான்றிதழ், எல்லாமே இலவசம். இதே கோர்ஸ் எட்எக்ஸ் தளத்திலும் இருக்கிறது, அங்கே அடையாளம் சரிபார்த்த சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டணும். நான் கட்டவில்லை. பாடம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இலவசம் என்றதும் நம்மாட்களுக்கு ஒரு சந்தேகம் வரும், சும்மா கிடைப்பது எப்படி நன்றாக இருக்கும் என்று. எனக்கும் இருந்தது. அதனால்தான் 2022-ல் முதலில் எங்கள் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 14,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். ஸ்பைரல் பைண்டிங் போட்ட நோட்ஸ் ஒன்று கொடுத்தார்கள், "பைதானின் சிறப்பம்சங்கள் யாவை" என்று எட்டாம் வகுப்புத் தேர்வு மாதிரி கேள்வி பதில். அதில் போட்டிருந்த முதல் புரோகிராமை அப்படியே வீட்டில் அடித்துப் பார்த்தால் எரர். சாரிடம் கேட்டால் "உங்க லேப்டாப்ல ஏதோ பிரச்சனை" என்றார். பிரச்சனை லேப்டாப்பில் இல்லை என்று சிஎஸ்50பி-க்கு வந்தபிறகுதான் தெரிந்தது: அந்த நோட்ஸில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறியே இல்லை, அது பைதான் 2 எழுதுகிற முறை. பைதான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அது போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து 14,000 ரூபாய் கொடுத்து அதைப் படித்திருக்கிறேன். எங்கே சேர்வதாக இருந்தாலும் சரி, முதலில் அவர்கள் நோட்ஸை வாங்கி பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, கோர்ஸுக்கு வருவோம். ஆரம்பிப்பது சுலபம். கோட் சேமித்துவைக்கிற கிட்ஹப் தளத்தில் ஒரு இலவசக் கணக்கு திறக்கணும், அதை வைத்து சிஎஸ்50-யின் கோட்ஸ்பேஸில் நுழையணும். பிரவுசருக்குள்ளேயே விஎஸ் கோட் என்கிற கோட் எழுதும் மென்பொருள் திறந்துகொள்ளும், பைதான் ஏற்கெனவே அதில் போட்டிருக்கும். நம் லேப்டாப்பில் எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை. புதிதாகப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இன்ஸ்டால் பண்ணுவதிலேயே, பாத் செட் பண்ணுவதிலேயே நொந்துபோய் விட்டுவிடுவார்கள், அந்தச் சனியன் இங்கே இல்லை. என்னுடையது நான்கு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், பிரவுசர் ஓடினால் போதும் என்பதால் அது தாங்கியது. போனில் பண்ணலாமா என்று கேட்காதீர்கள், வீடியோ பார்க்கலாம், கோட் அடிக்க முடியாது.

வீடியோக்கள் ஒவ்வொன்றும் நீளம். எல்லாம் சேர்த்து யூடியூபில் ஒரே வீடியோவாகவும் கிடைக்கிறது, அது கிட்டத்தட்ட 16 மணி நேரம். மேலன் நின்றுகொண்டு கண்ணெதிரே கோட் அடிப்பார், வேண்டுமென்றே தப்பாக அடிப்பார், எரர் வரும், அந்த எரரைப் படித்துக் காட்டுவார், திருத்துவார். 0-ஆவது வாரத்திலேயே இரண்டு எண்களைக் கூட்டுகிற ஒரு கால்குலேட்டர் செய்கிறார். 1 என்று கொடுக்கிறார், 2 என்று கொடுக்கிறார், விடை 12 என்று வருகிறது. நான் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன், எக்செல்லில் எண்ணை டெக்ஸ்ட்டாக ஒட்டிவிட்டால் கூட்டல் வராமல் செல்லின் மூலையில் ஒரு பச்சை முக்கோணம் நிற்குமே, அதே சங்கதி. விசைப்பலகையில் நாம் எதைத் தட்டினாலும் இன்புட் அதை எழுத்தாகத்தான் வாங்கும், எண்ணாக வேண்டுமென்றால் இன்ட் என்று போட்டு மாற்றணும். பன்னிரண்டு வருஷமாக எக்செல்லில் அந்தப் பச்சை முக்கோணத்தைத் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது ஏன் வருகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கோர்ஸின் உயிர் வீடியோவில் இல்லை, ஒவ்வொரு வாரமும் கொடுக்கிற கணக்குகளில் இருக்கிறது. பிராப்ளம் செட் என்கிறார்கள். முதல் தடவை நான் வீடியோக்களை மட்டும் நான்கு வாரம் வரைக்கும் பார்த்துத் தள்ளினேன், சாப்பிட்டுக்கொண்டே, டிவி பார்ப்பது மாதிரி. எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. அப்புறம் இரண்டாவது செட்டில் ஒரு கணக்கைத் திறந்துவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டுவதைப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு நமக்கும் புல்லட் ஓட்ட வரும் என்று நினைத்த கதை. பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், இந்தத் தடவை செட்டை முடிக்காமல் அடுத்த வீடியோவைத் தொடுவதில்லை என்று.

கணக்குகள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று. முதல் வாரத்தில் பேங்க் என்ற பெயரில் ஒரு கணக்கு வருகிறது. ஹலோ சொல்லி வரவேற்காவிட்டால் பேங்க் பணம் தரும் என்பது கதை. வருகிறவரை எப்படி வரவேற்கிறார்கள் என்பதை நாம் தட்டணும். ஹலோ என்று ஆரம்பித்தால் 0 டாலர், ஹலோ இல்லாமல் ஆனால் ஹெச் எழுத்தில் ஆரம்பித்தால் 20 டாலர், இரண்டும் இல்லையென்றால் 100 டாலர் என்று பதில் வரணும். இதென்ன பெரிய விஷயம் என்று மூன்றே நிமிஷத்தில் எழுதிவிட்டேன். ஹெச்சில் ஆரம்பிக்கிறதா, 20. ஹலோவா, 0. மற்றதெல்லாம் 100. செக்50 ஓட்டினேன், சிவப்பு. ஹலோ என்றால் 0 வரணும், உன்னுடையது 20 கொடுக்கிறது என்றது. நாலைந்து தடவை படித்தேன், கோட் சரியாகத்தான் தெரிந்தது. பிறகுதான் கவனித்தேன், ஹலோவும் ஹெச்சில்தானே ஆரம்பிக்கிறது! முதல் கேள்வியிலேயே அது மாட்டிக்கொண்டு 20 வாங்கிவிட்டுப் போய்விடுகிறது, இரண்டாவது கேள்வி வரைக்கும் வருவதே இல்லை. இரண்டு வரியை மேலே கீழே மாற்றினேன், பச்சை. இஃப், எலிஃப் என்று நிபந்தனைக் கட்டளைகளைப் பாடமாக நூறு தடவை படித்தாலும் இது மண்டையில் ஏறியிருக்காது. செக்50 விடையைச் சொல்லாது. எது வந்திருக்கணும், உன்னுடையதில் எது வந்தது, அதோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு ஸ்பேஸ் கூடினால்கூடச் சிவப்புதான், ஆடிட்டர் மாதிரி.

இரண்டாவது வாரத்தில் வண்டி நம்பர் பிளேட் கணக்கு ஒன்று இருக்கிறது, பலர் இங்கேதான் கோர்ஸை விடுவார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம், நானே கிட்டத்தட்ட விட்டேன். அமெரிக்காவில் கூடுதல் பணம் கட்டினால் நமக்குப் பிடித்த எழுத்துகளை வண்டி நம்பராக வாங்கலாம். அந்த நம்பர் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கணும்: முதல் இரண்டும் எழுத்தாக இருக்கணும், மொத்தம் 2 முதல் 6 வரைக்கும்தான், எண் வந்தால் கடைசியில்தான் வரணும், நடுவில் வரக்கூடாது, முதலில் வருகிற எண் பூஜ்யமாக இருக்கக்கூடாது, புள்ளி, ஸ்பேஸ் எதுவும் கூடாது. இதில் ஒரு குசும்பு, சிஎஸ்50 என்பது செல்லுபடியாகும், ஆனால் கோர்ஸின் பெயரான சிஎஸ்50பி செல்லாது, எண்ணுக்குப் பிறகு எழுத்து வந்துவிட்டதே.

மூன்று ராத்திரி. எண் நடுவில் வரக்கூடாது என்பதைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது? நடு என்றால் எது நடு? காலையில் பைக்கில் போகும்போது புஷ்பா தியேட்டர் சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு டிஎன் 39 லாரி நின்றது. நம் ஊர் பிளேட்டில் எழுத்து, எண், எழுத்து, எண் என்று மாறி மாறி வரும், அமெரிக்கக்காரன் கணக்குப்படி அது செல்லாது. ஏன் செல்லாது என்று என் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? இடது பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தேன், முதல் எண்ணைப் பார்த்தேன், அதற்குப் பிறகு எழுத்து வந்ததும் தப்பு என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுதானே! நடுவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். முதல் எண் எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடி, அது பூஜ்யமா பார், அதிலிருந்து கடைசி வரைக்கும் எல்லாம் எண்ணா பார், முடிந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, ராத்திரி அடித்தேன், கடைசி வரி வரைக்கும் பச்சை. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

குறைகளும் சொல்லணும். முதல் குறை, எல்லாமே அமெரிக்கா. டிப்ஸ் கணக்கு, கோக் மெஷின், அமெரிக்க அரசு வெளியிட்ட பழங்களின் கலோரிப் பட்டியல், டாக்கோ கடை மெனு. கோக் மெஷினில் ஒரு பாட்டில் 50 சென்ட், அந்த மெஷின் 25, 10, 5 சென்ட் காசு மட்டும்தான் வாங்கும், வேறு எதைப் போட்டாலும் கண்டுகொள்ளாது, பாக்கி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே இருக்கணும். டிப்ஸ் எத்தனை சதவீதம் என்று நாம் எப்போது கணக்குப் போட்டோம்? கணக்கின் பின்னணி புரிய கால் மணி நேரம், கணக்கைப் போட மீதி நேரம். ஜோக்குகள் பாதி எனக்குப் புரியவில்லை, அவர்கள் ஊர் டிவி தொடர்களும் பாட்டுகளும் தெரிந்தவனுக்குத்தான் சிரிப்பு வரும்.

இரண்டாவது, ஆங்கிலம். மேலன் தெளிவாகத்தான் பேசுவார், ஆனால் வேகம். நான் சப்டைட்டில் போட்டு முக்கால் வேகத்தில் வைத்துத்தான் பார்த்தேன், முதல் இரண்டு வாரம் பழக்கமாகிற வரைக்கும். கணக்குகளின் விவரம் முழுக்க ஆங்கில வாக்கியங்கள்தான், ஒரு சொல்லை விட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்த என் தங்கை மகனுக்குக் கொடுத்துப் பார்த்தேன், பையன் கெட்டிக்காரன், ஆனால் கோடிங்கைவிட வாக்கியம்தான் அவனைப் படுத்தியது. அப்படிப்பட்டவர்கள் முதலில் யூடியூபில் தமிழில் ஒரு பைதான் பிளேலிஸ்ட் பிடித்து லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற பகுதி), ஃபங்ஷன் (பெயர் வைத்த ஒரு சின்ன வேலைத்தொகுப்பு), லிஸ்ட் வரைக்கும் கேட்டுவிட்டு, அப்புறம் இங்கே வந்து கணக்குகளைப் போடுவது நல்லது. எழில் என்று தமிழ்ச் சொற்களிலேயே எழுதுகிற நிரலாக்க மொழிகூட இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு லூப் என்றால் என்ன என்று காட்ட நல்ல சங்கதி. ஆனால் வேலைக்கென்று வரும்போது பைதானுக்கு வந்துதான் ஆகணும்.

மூன்றாவது குறை என்று சொல்லலாமா தெரியவில்லை. வீடியோவில் சொல்வதற்கும் கணக்கில் கேட்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. உனக்கு வேண்டிய ஃபங்ஷன் இந்த ஆவணத்தில் இருக்கிறது என்று பைதானின் அதிகாரப்பூர்வ டாக்குமென்டேஷனுக்கு ஒரு இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், நாமே தேடிப் படித்து எடுக்கணும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஐந்தாவது வாரத்தில் நானாகவே டாக்குமென்டேஷனைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன், அதனால் புகாரை வாபஸ் வாங்குகிறேன், முக்கால்வாசி.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நொடியில் கொடுத்துவிடுமே என்பீர்கள். கொடுக்கும். ஆனால் இந்தக் கோர்ஸின் விதிப்படி அதெல்லாம் கூடாது, கோட் எழுதித்தருகிற கோபைலட்டும் கூடாது. அதற்குப் பதில் அவர்களே ஒரு வாத்தை வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே வாத்துதான். மேஜை மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் நம் புரோகிராமை வரிவரியாக விளக்கினால் தப்பு நமக்கே தெரிந்துவிடும் என்று புரோகிராமர்களிடையே ஒரு பழைய வழக்கம், அந்த வாத்துக்கு 2023-ல் ஏஐ வைத்துப் பேசவிட்டிருக்கிறார்கள். விடையைக் கேட்டால் தராது, "இந்த வரி ஓடும்போது இந்த வேரியபிளில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்" என்று திருப்பிக் கேட்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வாத்திடம் கெஞ்சிக்கொண்டிருப்பது என்ன பிழைப்பு என்று தோன்றும், ஆனால் மூன்றாவது வாரத்தில் பெட்ரோல் அளவு காட்டுகிற கணக்கில் என்னைக் காப்பாற்றியது அதுதான். 3/4 என்று கொடுத்தால் 75 சதவீதம் என்று காட்டணும், 99-ஓ அதற்கு மேலோ வந்தால் எஃப் (ஃபுல்), 1-ஓ அதற்குக் கீழோ வந்தால் இ (எம்ப்டி), பூனை என்று தட்டினாலோ கீழே பூஜ்யம் கொடுத்தாலோ புரோகிராம் விழாமல் மறுபடி கேட்கணும். தப்பு வந்தால் விழாமல் பிடிக்கிற டிரை என்கிற கட்டளையை நான் லூப்புக்கு வெளியே வைத்திருந்தேன், அதனால் முதல் தப்பைத் தாங்கும், இரண்டாவது தப்பில் செத்துவிடும். "இரண்டாவது முறை பயனர் தவறினால் எந்த வரிக்குப் போகும்" என்று வாத்து கேட்டது. அட!

நான்காவது வாரத்தில் லிட்டில் புரொஃபசர் என்று ஒரு கணக்கு, 1970-களில் குழந்தைகளுக்காக வந்த ஒரு கால்குலேட்டர் பொம்மையை நாமே எழுதணும். லெவல் 1, 2, 3 என்று கேட்டு பத்துக் கூட்டல் கணக்கு கொடுக்கணும், தப்பாகச் சொன்னால் மூன்று இ வரிசையாக வரும், மூன்று வாய்ப்பு முடிந்தால் விடையைக் காட்டணும், கடைசியில் மார்க். முடித்துவிட்டு மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகளிடம் கொடுத்தேன். லெவல் 2-ல் பத்துக்கு எட்டு வாங்கினாள். அப்புறம் ஒரு விடைக்கு "அம்மா" என்று தட்டினாள், நான் திக்கென்று பார்த்தேன், விழவில்லை, மூன்று இ காட்டிவிட்டு மறுபடி கேட்டது. "அப்பா, இது கோவிச்சுக்காதா?" என்றாள். மூன்றாவது வாரம் பட்ட பாட்டுக்குக் கூலி அதுதான். பெருக்கல் எப்போது வரும் என்று இப்போது தினமும் கேட்கிறாள்.

ஐந்தாவது வாரம் யூனிட் டெஸ்ட். பழைய கணக்குகளையே மறுபடி எடுத்து, அதே பேங்க், அதே நம்பர் பிளேட், அவற்றைச் சோதிக்கிற புரோகிராமை நாமே எழுதணும். நேர்மையாகச் சொல்கிறேன், போரடிக்கும். ஆறாவது வாரத்து ஃபைல் வேலை எனக்குத் தீபாவளி, சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளி போட்டுப் பிரித்த அட்டவணை) திறந்து படிப்பது, மாற்றி எழுதுவது, இதற்காகத்தானே வந்தேன். ஏழாவது வாரம் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளுக்குள் ஒரு வடிவத்தைத் தேடுகிற குறியீடு, பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும், தேவைப்படும்போது பார்த்து எழுதத் தெரிந்தால் போதும். எட்டாவது வாரத்து கிளாஸ், ஆப்ஜெக்ட் வீடியோவை இரண்டு தடவை பார்த்தும் எனக்கு அரைகுறைதான், கணக்குகளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். சான்றிதழுக்கு பிராப்ளம் செட்டுகளில் 70 சதவீதமாவது வேண்டும், அது கைக்கெட்டுகிற மார்க்தான்.

கடைசியில் சொந்தமாக ஒரு புராஜெக்ட். மெயின் என்கிற முதன்மை ஃபங்ஷன் போக இன்னும் மூன்று ஃபங்ஷனாவது இருக்கணும், அவற்றுக்கு டெஸ்ட் இருக்கணும், மூன்று நிமிஷத்துக்கு மிகாமல் ஒரு வீடியோ எடுத்துப் போடணும். என் புராஜெக்ட் சனிக்கிழமைச் சம்பளம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பனியன் கம்பெனியில் கணக்கு நாளில் போகாது, ஷிப்டில் போகும், ராத்திரி எட்டரை வரைக்கும் நின்றால் ஒன்றரை ஷிப்ட். வாரத்துக்கு ஆளுக்கு எத்தனை ஷிப்ட், பீஸ் ரேட் ஆட்களுக்கு எத்தனை பீஸ், அட்வான்ஸ் பிடித்தம் எவ்வளவு என்று பார்த்துக் கையில் எவ்வளவு என்று போடணும், எங்கள் கம்பெனியில் இன்னும் கவரில் காசாகத்தான் கொடுக்கிறோம் என்பதால் பேங்கிலிருந்து எத்தனை ஐநூறு, எத்தனை நூறு, எத்தனை பத்து எடுத்து வரணும் என்றும் தெரியணும். இந்தக் கடைசிச் சில்லறைக் கணக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், கோக் மெஷினில் பாக்கியைக் கழித்துக்கொண்டே போன அதே லூப், சென்ட்டுக்குப் பதில் ரூபாய். அமெரிக்காக்காரன் காசு என்று திட்டியதற்கு ஒரு சின்ன மன்னிப்பு.

முன்பு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் போகும். இப்போது வருகைப் பதிவை எக்செல்லிலிருந்து சிஎஸ்வி-யாக எடுத்து ஓட்டினால் முடிந்தது, சரிபார்க்கிற நேரம்தான். செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு பெண் போன வாரம் "ஏனுங்கண்ணா, இப்பெல்லாம் நேரத்துலயே கவர் வந்துருதுங்களே" என்றாள். மேனேஜர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, இந்தக் கவருக்குள் என் சம்பளம் ஏறவும் இல்லை.

இந்தச் சான்றிதழை வைத்து வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: இதை மட்டும் வைத்துக் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஹார்வர்ட் பெயர் போட்டிருக்கிறதே என்று லிங்க்ட்இன்னில் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் அது ஹார்வர்ட் பட்டம் ஆகாது. வெப்சைட் செய்யணும் என்பவர்களுக்கும் இது நேர் வழி இல்லை. அவசரமாக ஆறு வாரத்தில் இன்டர்வியூ இருக்கிறது என்பவர்களுக்குச் சுத்தமாக வேண்டாம். சொந்த வேலையில் ஏதோ ஒரு தொந்தரவு இருந்து, தினம் ஒரு மணி நேரம் முட்டிக்கொள்ளப் பொறுமையும் இருந்தால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்துக்கு நாலரை. அரை மார்க் அந்த ஐந்தாவது வாரத்துக்குப் பிடித்தம்.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சம்பளப் பட்டியலில் பெயர்களைத் தமிழில் போட்டிருக்கிறேன். பைதான் 3-ல் தமிழ் தாராளமாக எழுதலாம், வேரியபிளுக்கே சம்பளம் என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறேன், ஓடுகிறது. ஆனால் அதற்கு எழுத்து எண்ணத் தெரியவில்லை. தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று, நீளத்தைச் சொல்கிற லென் போட்டுக் கேட்டால் 5 என்கிறது, கொக்கியையும் புள்ளியையும் தனித்தனி ஆளாக எண்ணுகிறது. முருகேசன் நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு 9. அதனால் பெயருக்கு இருபது இடம் ஒதுக்கி நேராக அடுக்கச் சொன்னால் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு அளவு இடைவெளி விட்டு, ரூபாய் வரிசை குடிகாரன் நடந்த மாதிரி போகிறது. வாத்திடம் கேட்டேன், "ஒரு எழுத்து என்பதை நீங்கள் எப்படி வரையறுப்பீர்கள்" என்று திருப்பிக் கேட்டது. தொல்காப்பியத்தைத்தான் எடுக்கணும் போலிருக்கிறது. போன சனிக்கிழமையும் பட்டியல் கோணலாகத்தான் போனது, தொகை மட்டும் சரி.